பெல்மூர் தெருவில் மிஞ்சிய சொல்

பெல்மூர் தெரு யூத சமூக நிலையம் எல்லோரையும் வரவேற்கிறது. இதை நான் சொல்லவில்லை. நிலையத்தின் கண்ணாடிக் கதவு பதினேழு மொழிகளில் சொல்கிறது. உஸ்பெக்கில் சொல்கிறது, வங்காளத்தில் சொல்கிறது, சீனத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறது, ஸ்பானியத்திலும் உருதுவிலும் ஹெய்ட்டியரின் கிரியோலிலும் சொல்கிறது. யூதக் கிழவர்கள் நாங்கள் பேசும் இத்திஷ் மொழியில் சொல்வதற்குத்தான் கண்ணாடியில் இடம் போதவில்லை. இத்திஷ் பேசுகிறவர்களுக்கு எப்படியும் வழி தெரியும் என்று நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

வழி தெரியும் என்பது உண்மை. முப்பது ஆண்டுகளாகத் தெரியும். நிலையம் புதுப்பிக்கப்படுவதற்கு முன் அங்கே ஒரு கதவு இருந்தது; தள்ளினால் திறந்தது. உள்ளே கோட்டு மாட்ட ஒரு கம்பி, ஒரு மின்கெண்டி, யாருடையதென்று தெரியாத ஒரு குடை. இப்போது அந்த இடத்தில் வரவேற்பு அனுபவ மண்டபம் இருக்கிறது. நுழைகிறவர் வரவேற்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் நாற்பத்தொரு கேள்விகள். நிரப்பி முடித்தவரின் மார்பில் ‘நான் இவ்விடத்துக்கு உரியவன்’ என்று அச்சிட்ட வட்ட வில்லையை ஒட்டுவார்கள். வில்லை மாலை ஐந்து மணி வரை செல்லும். அதற்கு மேல் உரியவர் அல்லர்.

‘ஐந்தாண்டுகளுக்குப் பின் உங்களை எங்கே காண்கிறீர்கள்?’ என்பது இருபத்தாறாம் கேள்வி. வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்து எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ரொகேயா பேகம், ‘இதே வரிசையில்’ என்று எழுதினார். மக்கள் நிலையத்தின்மீது வைத்திருக்கும் நீங்காத பற்றுக்குச் சான்றாக அந்த விடையை நிலையம் தன் ஆண்டு மலரில் வெளியிட்டது.

நிலையத்தின் மூன்றாம் அறையில் ஒன்பது ஆண்டுகளாகக் காலை ஏழே முக்காலுக்கு நாங்கள் வழிபாட்டுக்குக் கூடி வந்தோம். தெருமுனையில் இருந்த ஜெபக்கூடம் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறிவிட்டது. அடுத்த ஜெபக்கூடம் இருபத்திரண்டு தெருக்கள் தள்ளி இருக்கிறது; எங்கள் முழங்கால்கள் நான்காம் தெருவிலேயே வேலைநிறுத்தம் அறிவித்துவிடும். கூட்டு வழிபாட்டுக்கு யூதர் பத்துப் பேர் வேண்டும். பத்தாமவர் வராவிட்டால் அவரவர் தனியே முணுமுணுத்துக்கொள்ளலாம். ஆனால் இறந்தவருக்காகச் சொல்லும் கதிஷை மட்டும் சொல்ல முடியாது. அதை ஒருவர் சொல்ல, கூடியிருப்போர் ஆமென் என்று ஏற்க வேண்டும். துக்கத்தை ஒருவன் தனியாகத் தூக்கக் கூடாது என்று எங்கள் முன்னோர் சட்டமே செய்துவிட்டார்கள்.

பத்துப் பேர் வேண்டும். ஆனால் அந்தப் பத்துப் பேரை எண்ணக் கூடாது. மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது எங்களிடம் வழக்கமில்லை. தலைக்கு எண் போட்டால் தலைக்கே ஆபத்து என்பது மிகப் பழைய அச்சம். ஆகவே பத்துச் சொற்கள் கொண்ட வேத வரி ஒன்றை எடுத்துக்கொண்டு, தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் போவோம். வரி முடிந்தால் வழிபாடு தொடங்கும். சொல் மிஞ்சினால் யாராவது தெருவில் இறங்கி ஆள் பிடிக்க வேண்டும். வரியைச் சொல்லும் பொறுப்பு மோத்தல் ஷ்னைடர்மனுடையது. நாற்பது ஆண்டுகள் பொய்ப்பல் கட்டிய மனிதர். யார் வாயையும் நம்பாதவர். ஆள் பிடிக்கும் பொறுப்பு லாசர் கிரோய்ஸ்மனுடையது. பேருந்துக்கு நிற்பவரின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு லாசர் உள்ளே ஓடி வருவார். பைக்குப் பின்னால் ஆள் வருவார்.

லாசர் சென்ற ஆண்டு இறந்தார். மனைவி இல்லை, மக்கள் இல்லை. தம்பி ஒருவர் இருந்தார்: எஃபிம், எண்பத்தொரு வயது, உக்ரைனின் செர்னிவ்ட்சி நகரில் டிராம் வண்டிகளைப் பழுதுபார்த்தவர். அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் எஃபிம் கதிஷ் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் சொல்வதற்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை. நாள், அடுத்து வந்த புதன்கிழமை. எஃபிமின் வீட்டில் கூடலாமே என்பீர்கள். வீடு நான்காம் மாடியில். மின்தூக்கி ஏழு மாதமாகப் பழுது.

மூன்றாம் அறையோ அதற்குள் எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. போன விதம் முற்றிலும் முறைப்படியானது. நிலையம் ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு திரையை மாட்டி, உள்ளே இருப்போரின் தொகையை அதில் இடச் சொன்னது. மோத்தல் ‘போதுமானவர்கள்’ என்று இட்டார். இலக்கம் மட்டுமே ஏற்கப்படும் என்றது திரை. மறுநாளும் போதுமானவர்கள், மறுநாளும் மறுப்பு. தொகை வராத அறைக்குத் திரை தானாகவே பூஜ்யம் போட்டுக்கொண்டது. அறை கொள்ளாத கிழவர்கள் தெருவுக்குக் கேட்கும்படி வழிபட்ட தொண்ணூறு நாட்களிலும் அங்கே ஒருவரும் இல்லை என்பதை நிலையம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. பயன்படாத அறையை மீட்டு, அமைதிச் சிந்தனை அறை ஆக்கினார்கள். அமைதி கெடாதிருக்கும் பொருட்டு அதைப் பூட்டினார்கள். இன்றுவரை நிலையத்தின் திட்டங்களில் புகாரே வராத திட்டம் அது ஒன்றுதான்.

எஃபிம் வியாழக்கிழமையே போய் விண்ணப்பம் வாங்கினார். திட்டத்தின் பெயர் என்ற இடத்தில் கதிஷ் என்று எழுதினார். திட்டத்தின் நோக்கம் என்ற இடத்தில் என் அண்ணன் என்று எழுதினார். பயனாளிகள் என்ற இடத்தில் மறுபடியும் என் அண்ணன் லாசர் கிரோய்ஸ்மன் என்றே எழுதினார். பங்கேற்போர் தொகை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். பொய்யும் எழுதவில்லை, மெய்யையும் மறைக்கவில்லை. ஆகவே விண்ணப்பம் ஏற்கத்தக்கதாக இல்லை. வெள்ளிக்கிழமை அவரை விளைவு மதிப்பீட்டுத் துறைக்கு அனுப்பினார்கள்.

அந்தத் துறை ஒரு பெண்மணி. பெயர் கெயில் ஓஸ்ட்ராவ். வயது நாற்பதைக் கடந்தவர். நிலையத்தில் எது நடந்தாலும் அதனால் என்ன விளைந்தது என்று அளந்து சொல்வது அவர் வேலை. சூப் வழங்கினால் எத்தனை கரண்டி, அதனால் எத்தனை விழுக்காடு மனநிறைவு என்று அவரிடம் இருக்கும். கெட்ட மனிதர் அல்லர். எஃபிமுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகே அளக்கத் தொடங்கினார்.

“பயனாளி நேர்ல வர முடியுமா, மிஸ்டர் கிரோய்ஸ்மன்?”

“அவன் செத்துட்டாம்மா.”

கெயில் ‘நேரில் வர இயலாதவர்’ என்று பதிந்தார். போக்குவரத்து உதவி தேவையா என்ற அடுத்த கட்டத்தைச் சற்று யோசித்துவிட்டுத் தாண்டிச் சென்றார்.

“எந்தச் சேவையா இருந்தாலும் முன்னாடி ஒரு சர்வே, பின்னாடி ஒரு சர்வே எடுப்போம். அவருக்குத் திருப்தியான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“அவனுக்கு எதுலயும் திருப்தி கிடையாது. உசிரோட இருந்தப்பவே எந்த சூப்பைக் குடுத்தாலும் உப்பு இல்லேம்பான். அதையே எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டார். பிறகு பங்கேற்போர் தொகைக்கு வந்தார்கள். பத்துப் பேர் என்பது ஊரறிந்த செய்தி. எஃபிம் வாயால் சொன்னால் போதும், தாமே இட்டுவிடுவதாகக் கெயில் சொன்னார். எஃபிம் மாட்டேன் என்றார். வெறும் ஓர் இலக்கம்தானே என்றார் கெயில். எஃபிம் தண்ணீரைக் கீழே வைத்தார்.

“எனக்கு நாலு வயசு. லாசருக்குப் பத்து. போர் நடந்த சமயம். யூதர்னு எங்களையெல்லாம் சிப்பாய்ங்க ஆத்தங்கரைக்கு ஓட்டிட்டுப் போனாங்க. அக்கரைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எண்ணினாங்க. ஒருத்தன் நோட்டும் பென்சிலுமா நின்னான். நல்ல எழுத்து அவனுக்கு. லாசர் என்னைக் கோட்டுக்குள்ள விட்டுப் பட்டனை மாட்டிட்டான். அவனை எண்ணினாங்க. என்னை எண்ணல. அந்த நோட்டுல இருந்தவங்கள்ல, எனக்குத் தெரிஞ்சு, லாசர் ஒருத்தன்தான் திரும்பி வந்தான். நான் எந்த நோட்டுலயும் இல்லம்மா. அதனாலதான் உன் முன்னால உக்காந்திருக்கேன்.”

 கட்டத்தை வெறுமையாக விடக் கணினி அனுமதிக்காது என்று கெயில் தாழ்ந்த குரலில் சொன்னார். ‘பண்பாட்டுக் காரணம்’ என்று இட்டுப் பார்த்தார். பண்பாட்டுக் காரணத்தை இலக்கத்தில் தருக என்று இயந்திரம் கேட்டது. கோப்பை இயக்குநருக்கு அனுப்புவதைத் தவிர அவருக்கு வழி இருக்கவில்லை.

நிர்வாக இயக்குநர் ஷெல்டன் பிராஃப்மன் திங்கட்கிழமை எஃபிமைக் கட்டித் தழுவி வரவேற்றார். அவர் எல்லோரையும் தழுவுவார். தழுவலுக்கென வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். அறையின் சுவர்களில் உஸ்பெக் விரிப்பு, மெக்சிகோ முகமூடி, சீனக் காற்றாடி. மேசைமேல் அவருடைய தாத்தாவின் படம். தாத்தாவும் கப்பலில் வந்திறங்கி, படிவம் ஏதும் இன்றி, இதே தெருவில் ஊறுகாய் விற்றவராம். எஃபிம் தமக்கு வேண்டியதைச் சொன்னார்: புதன்கிழமை, கால் மணி நேரம், நான்கு சுவர். இயக்குநர் கைகளைக் கோத்துக்கொண்டு பேசினார்.

“இந்த வீட்ல உங்களுக்கு இல்லாத இடமே கிடையாது, மிஸ்டர் கிரோய்ஸ்மன். எல்லா இடமும் உங்க இடம். அப்படியிருக்கும்போது குறிப்பா ஒரு இடத்தை மட்டும் உங்களுக்குக் குடுத்தா, மத்த இடமெல்லாம் உங்களுது இல்லைன்னு ஆயிடாதா? அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்.”

எஃபிம், மற்ற இடங்களைத் தாம் மன்னித்துவிடுவதாகச் சொன்னார்.

“இன்னொண்ணும் இருக்கு. உங்ககிட்ட மனசுவிட்டுச் சொல்றேன். யூத நிலையத்துல யூதர்கள் கூடி யூதப் பிரார்த்தனை பண்ண ஆரம்பிச்சா, வெளியில இருக்கறவங்க இதை யூத நிலையம்னு நினைச்சுடுவாங்க. முப்பது வருஷமா நாங்க கட்டிக்காத்த பேர் என்ன ஆகறது?”

“அப்போ கதவுல ‘வாங்க’ன்னு எழுதியிருக்கறது?”

“அது எங்க உயிர். பதினேழு மொழியில எழுதினோம். வந்தவங்களை என்ன செய்யறதுங்கறது அடுத்த மூணு வருஷத் திட்டத்துல இருக்கு.”

பிறகு எஃபிமை முகமூடிக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார். புதன்கிழமை எட்டு மணிக்கு மேல்மாடியில் கொடையாளர்களுக்குச் சிற்றுண்டி விருந்து. அங்கே ‘நம்பிக்கையின் முகங்கள்’ என்ற தலைப்பில் மாட்டப் படங்கள் குறைவாக இருந்தனவாம். சிரிக்கச் சொன்னார்கள். எஃபிம் சிரித்தார், எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது உணவுப்பை வழங்கும் வரிசையில் ரொகேயா பேகம் நின்றிருந்தார். எஃபிமின் முகத்தைப் பார்த்ததும் தம் இடத்துக்கு முன்னால் அவரை இழுத்து நிறுத்திக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டார். ரொகேயா படிக்கும் தொடக்கநிலை ஆங்கில வகுப்புக்கு ஐந்தாம் அறை. காலை ஏழே முக்காலுக்கே திறந்துவிடுவார்கள். ஆசிரியை இரண்டு ரயில் மாறி எட்டேகாலுக்குத்தான் வந்து சேருவார். அதுவரை தாங்கள் பழங்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

“அந்த அரை மணி நேரம் உங்களுது, சாச்சா. பத்துமா?”

“கதிஷுக்கு ரெண்டு நிமிஷம் போதும். அதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள சண்டை. அதுக்குத்தான் நேரம் வேணும்.”

“சண்டை எங்க வீட்லயும் அப்படித்தான்,” என்றார் ரொகேயா.

தடை ஒன்றுதான் இருந்தது. ஐந்தாம் அறைக்குள் நுழைய வேண்டுமானால் தொடக்கநிலை மாணவருக்குரிய வில்லை வேண்டும். அந்த வில்லை வேண்டுமானால் தரநிர்ணயத் தேர்வில் தோற்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் அனைவரும் மதிப்புக்குரிய வயதில், தூய ஆடை உடுத்தி, தோற்பதற்காகப் போனோம். ஆப்பிள் படத்தைக் காட்டி இது என்ன என்றார்கள். எஃபிம் வெகுநேரம் பார்த்துவிட்டுக் குதிரை என்றார். நான் மூன்றாம் கேள்வியிலேயே தோற்றேன். அதற்கு எனக்கு முயற்சி தேவைப்படவில்லை. மோத்தல்தான் தோற்க மறுத்தார். நாற்பது ஆண்டுகள் இந்நாட்டாரின் வாயைத் திறக்கச் சொன்ன ஆங்கிலம் அது. அதை ஒரு சின்னப் பெண்ணின் முன் கைவிட மாட்டேன் என்று எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லி, கேள்வித்தாளில் இருந்த இரண்டு பிழைகளையும் திருத்திக் கொடுத்தார். அவரை உயர்நிலை வகுப்பில் போட்டார்கள். எஃபிம் அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய், லாசரின் பெயரை மட்டும் சொன்னார். மோத்தல் திரும்பிச் சென்று மறுதேர்வு கேட்டார். தம் பெயரைத் தவறாக எழுதினார். தம் முகவரி தெரியாது என்றார். எழுதிய காகிதத்தை மேசைமேல் எறிந்துவிட்டு வந்தார். தோல்வியை இவ்வளவு பெருமிதத்தோடு பெற்றவரை நிலையம் அதற்குமுன் கண்டதில்லை.

ஆனால் எங்களில் யோசிப் என்றொருவர், கடைசிக் கேள்விக்குக் கைதவறிச் சரியான விடையில் கோடிழுத்துவிட்டார். இடைநிலை வகுப்பு, வியாழக்கிழமை, வேறு கட்டடம். அதை அவர் எங்களிடம் சொல்லவும் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை ஏழு ஐம்பதுக்கு ஐந்தாம் அறையில் கூடினோம். வழிபாட்டின் மற்றப் பகுதிகளை வீட்டிலேயே முடித்துவிட்டு, கூட்டமாகச் சொல்ல வேண்டிய சங்கீதம் என்னும் வேதப் பாடலுக்கும் கதிஷுக்கும் மட்டும் வந்திருந்தோம். வகுப்பு மாணவர்கள் நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தி எங்களுக்கு இடம் விட்டு அமர்ந்திருந்தார்கள். ஓர் உஸ்பெக் சமையல்காரர், சீனச் சகோதரிகள் இருவர், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும், ரொகேயாவும் அவர் தோழியரும். மோத்தல் வேத வரியை எடுத்து ஒவ்வொரு தலையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தமக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டார். ஒரு சொல் மிஞ்சியது.

யோசிப்பின் வீட்டுக்குத் தொலைபேசினோம், எடுக்கவில்லை. ஆள் பிடிக்கிறவர் இல்லாத குறை அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எஃபிம் கையில் வழிபாட்டு நூலை விரித்துப் பிடித்தபடி நின்றார். அவர் உதடுகள் முதல் வரியில் நின்றிருந்தன. 

ரொகேயா எழுந்து வெளியே போனார். இரண்டு நிமிடத்தில் நிர்வாக இயக்குநரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விருந்துக்குப் படியேறிக்கொண்டிருந்தவரிடம், தொடக்கநிலை மாணவர்கள் உங்களைப் பார்க்க ஏங்குகிறார்கள் என்று சொல்லியிருந்தார். அப்படியொரு வாக்கியத்துக்குமுன் பிராஃப்மன் எந்நாளும் தோற்பவர். அவர் உள்ளே வந்ததும் மோத்தல் கதவைச் சாத்தினார். நிலவரத்தைச் சொன்னோம். இயக்குநர் கோபிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்து, கண் கலங்கி, இதற்காகத்தான் தாம் இந்தப் பணிக்கு வந்ததாகச் சொன்னார். தம் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். ஊறுகாயைப் பற்றிச் சொன்னார். மோத்தல் வரியைத் தொடங்க வாயைத் திறந்தபோது இயக்குநரின் கைப்பேசி ஒலித்தது. கொடையாளர்கள் வந்துவிட்டார்கள்.

“ரெண்டே நிமிஷம், ஐயா,” என்றார் எஃபிம். “உக்காரக்கூட வேணாம். சும்மா நில்லுங்க.”

“மனசு இங்கேயேதான் நிக்குது, மிஸ்டர் கிரோய்ஸ்மன். என் மனசைக் கணக்குல வெச்சுக்குங்க. உடம்பு மட்டும் மேலே போயிட்டு வந்துடட்டும்.”

உடம்பு மேலே போயிற்று. மனத்துக்கு வேத வரியில் சொல் கிடையாது.

கதவு மீண்டும் திறந்தபோது யோசிப்தான் என்று நினைத்தோம். கெயில் ஓஸ்ட்ராவ் நின்றிருந்தார். காலாண்டு மதிப்பீட்டுக்காக வகுப்பைப் பார்வையிட வந்திருக்கிறார். உள்ளங்கையில் ஓர் எண்ணும் பொறி. தலைக்கு ஒரு தட்டு. பழக்கத்தில் கட்டைவிரல் தட்டிக்கொண்டே வந்தது. பதிவேட்டில் இருப்பதைவிட ஆட்கள் மிகுதியாக இருப்பதைக் கண்டு நிமிர்ந்து பார்த்தார். எஃபிமைக் கண்டார். கையில் விரிந்திருந்த நூலைக் கண்டார். சுவர்க் கடிகாரம் எட்டு ஐந்து காட்டியது.

“ஒரு ஆள் குறையுதா?” என்றார்.

எஃபிம் தலையசைத்தார்.

“நான் இருக்கேனே.”

 எங்கள் வழக்கம் தெரியாதவர்கள்கூட ஏதோ உடையப் போகிறது என்று உணர்ந்துகொண்டார்கள். மோத்தல்தான் வாய் திறந்தார். அவர் கத்தவில்லை.

“உன்னைத் தப்பாச் சொல்லலம்மா. பொம்பளை கணக்குல வரமாட்டா. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

“ஆறு வருஷமா இந்தக் கட்டடத்துல எல்லாரையும் கணக்குல சேர்த்தவ நான்,” என்றார் கெயில். “என்னை யாரும் சேர்த்ததில்ல. மேலேயும் சேர்க்கல, இங்கேயும் சேர்க்கல. எங்கம்மாவுக்கு நான் ஒரே பொண்ணு, மிஸ்டர் ஷ்னைடர்மன். அவங்க போனப்போ கதிஷ் யார் சொன்னா தெரியுமா? பணம் வாங்கிட்டு முன்பின் தெரியாத ஒருத்தர் சொன்னார். நான் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.”

 மோத்தல் சண்டையில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்: கோட்டை எடுத்தார்.

“இவளைச் சேர்த்தா நான் போறேன், எஃபிம்.”

எஃபிம் நூலை மூடவில்லை.

“போ. நீ போனா மறுபடியும் ஒரு சொல் மிஞ்சும். நீ சொன்னது சரியாப் போயிடும், லாசருக்கு ஒண்ணும் ஆகாமப் போயிடும். தெருவுல போற எத்தனை பேர் பையைப் புடுங்கினான் அவன், உனக்காக. ஒருத்தனையாவது ‘நீ யாரு, உன்னைச் சேர்க்கலாமா’ன்னு கேட்டிருக்கானா?”

மோத்தல் கதவுவரை போனார். கைப்பிடியைப் பிடித்தார். அங்கேயே நின்றார். வெளியே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. கதவின் பக்கத்துச் சுவரில் ஆங்கில வினைச்சொற்களின் அட்டவணை தொங்கியது; அதைப் படிப்பவர்போல் முகத்தை அதற்கு நேராக வைத்துக்கொண்டார். அப்படியே, எங்களுக்கு முதுகு காட்டியபடி, வேத வரியைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். தலைகளைப் பார்க்கவில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டார். மிஞ்சிய சொல் வந்தது. நிறுத்தினார். வினைச்சொற்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தச் சொல்லையும் சொன்னார், யாரையும் நோக்காமல், சுவருக்கே சொல்வதுபோல்.

எஃபிம் சங்கீதத்தை எங்களோடு சொல்லி, கதிஷைத் தொடங்கினார். அந்நேரம் கூரையிலிருந்த ஒலிபெருக்கி உயிர்பெற்றது. இயக்குநரின் பேச்சிலிருந்து எவரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக எல்லா அறைகளிலும் அதைப் பொருத்தியிருந்தார்கள். இந்த இல்லத்தில் ஒரு மனிதர்கூட விட்டுப்போகவில்லை என்று அது முழங்கியது. ஒவ்வொரு முகத்தையும் நாங்கள் அறிவோம் என்று முழங்கியது. அதற்குக் கீழே எண்பத்தொரு வயதுக் குரல் ஒன்று, இறந்தவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத அந்த இறைவாழ்த்தைச் சொல்லிக்கொண்டு போயிற்று. நாங்கள் ஆமென் என்றோம். ரொகேயாவும் தோழியரும் ஆமீன் என்றார்கள். மெக்சிகோத் தாய் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு சொன்னார். சீனச் சகோதரிகள் இதுவே இன்றைய பாடம் என்று கருதி, ஒரு நொடி தாமதமாக, மிகத் தெளிவாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும்விட உரக்க ஒலித்தது சுவரைப் பார்த்து நின்றவரின் ஆமென்.

முடிந்ததும் எஃபிம் தாம் கொண்டுவந்திருந்த தேன் கேக்கை எடுத்து வெட்டினார். ரொகேயாவுக்குப் பெரிய துண்டு. தமக்கு ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். அவருடைய தோள்கள் ஓராண்டாகத் தூக்கி வைத்திருந்த எதையோ இறக்கிவிட்டதுபோல் தாழ்ந்தன. எட்டேகாலுக்கு ஆசிரியை வந்தார். அவருக்கும் ஒரு துண்டு.

அன்றைய நிகழ்ச்சி நிலையத்தின் பதிவேட்டில் உள்ளது. ஐந்தாம் அறை ஒலிபெருக்கியோடு இணைந்த ஒலிவாங்கி திறந்தே இருந்ததால், தொடக்கநிலை மாணவர்கள் நீண்டதொரு பகுதியை ஒரே குரலில் தவறின்றி ஒப்பித்தது மேல்மாடியிலும் கேட்டதாம். கொடையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரே நாளில் இத்தகைய முன்னேற்றம் கண்ட முதியவர்களை இனியும் தொடக்கநிலையில் வைத்திருப்பது நீதியாகாது என்று இயக்குநர் தீர்ப்பளித்தார். வெள்ளிக்கிழமை எங்களை மேடையேற்றி, தேர்ச்சிச் சான்றிதழ் வழங்கி, தழுவி, ஐந்தாம் அறையிலிருந்து விடுவித்தார். எஃபிமின் சான்றிதழில் அவர் பெயருக்குப் பதிலாக லாசரின் பெயர் இருந்தது. விண்ணப்பத்தில் பயனாளி என்ற கட்டத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். எஃபிம் அதைத் திருத்தக் கேட்கவில்லை. மடித்து உட்பையில் வைத்துக்கொண்டார்.

விழா முடிந்து எல்லோரும் படியிறங்கிய பிறகு மோத்தல் மட்டும் பின்தங்கினார். கோட்டுப் பட்டனை மாட்டுவதும் கழற்றுவதுமாக விளைவு மதிப்பீட்டுத் துறையின் வாசலில் நின்றார். கெயில் தலைதூக்கிப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார். மோத்தல் அறைக்குள் வரவில்லை.

“செவ்வாய்க்கிழமை என் பொண்டாட்டி ஃபிரீதாவோட நினைவு நாள்,” என்றார். “யோசிப் இருமிக்கிட்டுக் கிடக்கான். வர்றது சந்தேகம்.”

“எங்கே?” என்றார் கெயில்.

“எங்கே நிக்கறதுன்னு இன்னும் முடிவாகல. எங்கேயாவது நிப்போம். ஏழே முக்கால்.” போகத் திரும்பியவர் நின்றார். “ஏழரைக்கே வந்துடு. இவனுங்க யாரும் நேரத்துக்கு வர்றதில்ல.”